அத்தையும் அகராதியும்

சென்ற வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. சின்னச் சம்பவம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பேத்தியைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக ஒரு விண்ணப்பத்தாள் வந்திருந்தது. இந்தக் காலத்துப் பள்ளிக்கூட விண்ணப்பத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? குழந்தையின் பெயரில் ஆரம்பித்து, பாட்டனாரின் ரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர, கேட்காத கேள்வி கிடையாது. எட்டு வயதுப் பேத்தி, "நான்தான் எழுதுவேன்!" என்று அடம் பிடித்துப் பேனாவைப் பிடுங்கிக் கொண்டாள். தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில் எல்லாம் மளமளவென்று எழுதியாயிற்று. 'தாயார் தொழில்' என்ற கட்டம் வந்தது. பேனா நின்றது.

"பாட்டி! அம்மாவுக்கு என்ன எழுதறது? அம்மா ஒண்ணும் பண்றதில்லையே! வெறும் ஹவுஸ்வைஃப்தானே?"

என் மருமகள் சமையலறை மேடையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்து கொண்டிருந்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்தவள்; இன்னும் உட்காரவில்லை. குழந்தை சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை; பதிலும் சொல்லவில்லை. மாவில் அழுந்திக் கொண்டிருந்த அந்தக் கைகள் மட்டும் ஒரு விநாடி நின்றன. பிறகு முன்னைக் காட்டிலும் வேகமாகப் பிசையத் தொடங்கின.

குழந்தையின் மீது என்ன குற்றம்? 'வெறும்' என்ற சொல்லை அவளாகவா கண்டுபிடித்தாள்? நாம் சொல்லிக் கேட்டதுதானே! "அந்தக் கட்டம் இருக்கட்டும் கண்ணு, ராத்திரி எழுதிக் கொள்ளலாம்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் என் மனம் அங்கே இல்லை. ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டு, வேலை செய்து கொண்டிருந்த கைகள் அப்படி நின்று போனதை அதற்கு முன்பும் ஒரு தடவை நான் பார்த்திருக்கிறேன். அவை என் அத்தையின் கைகள்.

*

அது 1962-ஆம் வருஷம். எனக்குப் பதினான்கு வயது. மயிலாப்பூரில் தாத்தா, அப்பா, அம்மா, அண்ணா, நான், தங்கை, அத்தை எல்லோரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் உபாத்தியாயினியாக இருந்தாள். சிறு வயதிலேயே காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் கட்ட ஆரம்பித்தவள். மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கை கால் கழுவிக் கொண்டு, கூடத்தின் மூலையில் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து விடுவாள். நூற்ற நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டிக் கதர்க் கடையில் கொடுத்துப் புடைவையாக மாற்றிக் கொண்டு வருவாள்.

அத்தைக்கு ஓர் ஆசை இருந்தது. புறநகரில் அரை கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருந்தாள். அதில் இரண்டு அறை கட்ட வேண்டும். அதற்காக ஒரு வீடு கட்டும் சங்கத்தில் கடன் கேட்டிருந்தாள். கடன் மஞ்சூராகி, அடமானப் பத்திரத்தின் நகலும் வந்துவிட்டது. மறுநாள் கையெழுத்துப் போட வேண்டும். முழுவதும் இங்கிலீஷ். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனாலும் ராட்டை சுழன்று கொண்டிருந்ததால், "படியேன், கேட்கலாம்" என்று என்னிடம் கொடுத்தாள்.

நான் கணீரென்று படித்தேன். இன்னாருடைய குமாரத்தி, வயது 46, இன்ன தெருவில் வசிப்பவர் என்பதற்கு நடுவே 'ஸ்பின்ஸ்டர்' என்று ஒரு வார்த்தை வந்தது. எனக்கு அது புதிது. "அப்படி என்றால் என்ன அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை வாயைத் திறப்பதற்குள், காலேஜில் படித்துக் கொண்டிருந்த அண்ணா குபீரென்று சிரித்துவிட்டான். "அதுவா? கல்யாணம் ஆகாத கிழவி என்று அர்த்தம்!" என்றான்.

ராட்டை நின்றது. நூல் அறுந்தது.

அந்த அண்ணாவின் காலேஜ் சம்பளம் அத்தையின் சம்பளத்திலிருந்துதான் கட்டப்பட்டு வந்தது. அத்தை அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாக எழுந்து வந்து பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள். "நாளைக்கு நான் கையெழுத்துப் போடப் போவதில்லை" என்றாள்.

அப்பா பதறிப் போனார். "என்ன அக்கா இது? சட்டத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு வார்த்தைக்காகக் கடனை விட்டு விடுவாயா?"

"கடன் வாங்குகிறவள் நான். கட்டப் போகிறவளும் நான். என் உத்தியோகத்தை எழுதட்டும், சம்பளத்தை எழுதட்டும். எனக்குப் புருஷன் இல்லை என்பதை எதற்காக என் பெயரோடு ஒட்டுகிறார்கள்?"

இந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

*

தாத்தா ஓய்வு பெற்ற தலைமை உபாத்தியாயர். அன்றிரவு சாப்பாடு ஆனதும், அலமாரியிலிருந்து தடித்த இங்கிலீஷ் அகராதியை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அத்தையைக் கூப்பிடவில்லை. என்னையும் அண்ணாவையும்தான் கூப்பிட்டார். ஆனால் அத்தை காதில் விழும்படி, பாடம் நடத்துகிற குரலில் பேச ஆரம்பித்தார்.

"டேய், 'நைஸ்' என்றால் என்ன?"

"நல்லது, இனிமையானது" என்றான் அண்ணா.

"ஏறக்குறைய 1300-ஆம் வருஷத்தில் ஓர் இங்கிலீஷ்காரனைப் பார்த்து 'நீ நைஸ்' என்று சொல்லியிருந்தால் அவன் உன்னை அடித்திருப்பான். அப்போது அதற்கு 'அசடு' என்று அர்த்தம். 'ஒன்றும் அறியாதவன்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அப்புறம் 'ரொம்ப நாசூக்குப் பார்க்கிறவன்' என்று ஆயிற்று. பிறகு 'நுணுக்கமானது' என்று ஆயிற்று. கடைசியாகத்தான், 18-ஆம் நூற்றாண்டில், நீ சொல்லும் 'இனிமை' வந்து சேர்ந்தது."

எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாவு அரைக்கும்போது, "நன்றாக நைஸாக அரை" என்கிறோமே, அந்த 'நைஸ்' அந்தப் பழைய 'நுணுக்கம்' என்ற அர்த்தத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறது!

"சரி, 'ஸில்லி' என்றால்?"

"முட்டாள்தனம்!"

"ஆதியில் 'பாக்கியம் பெற்றவன்' என்று அர்த்தம். ஜெர்மன் பாஷையில் அதன் உடன்பிறப்பான 'ஸேலிக்' என்ற வார்த்தைக்கு இன்றைக்கும் அதுதான் பொருள். பாக்கியசாலி, சூதுவாது அறியாத சாது ஆனான். சாது, ஐயோ பாவம் ஆனான். ஐயோ பாவம், கடைசியில் அசடு ஆகிவிட்டான். பார்த்தாயா? அசட்டு 'நைஸ்' மேலே ஏறி வந்தது; பாக்கியசாலி 'ஸில்லி' கீழே இறங்கிப் போயிற்று. இரண்டும் வழியில் எங்கேயாவது சந்தித்துக் கொண்டிருக்க வேண்டும்!"

அம்மா சிரித்தாள். பாட்டி உயிரோடு இருந்தபோது, கடைத் தெருவில் 'ஸ்வீட்மீட்' என்று ஒரு மிட்டாய்க்கடைப் பலகையில் எழுதியிருந்ததை யாரோ படித்துச் சொல்ல, 'மீட்' என்றால் மாமிசம் ஆயிற்றே என்று அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாளாம். அந்தக் கதையைத் தாத்தா அன்று சொன்னார். 'மீட்' என்றால் பழங்காலத்தில் 'ஆகாரம்' என்றுதான் பொருள். எந்த ஆகாரமாக இருந்தாலும் 'மீட்'தான். 1611-இல் வெளிவந்த இங்கிலீஷ் பைபிளில் 'மீட்' நைவேத்தியம் என்று ஒன்று வருகிறது. அதில் மாமிசம் துளிக்கூடக் கிடையாது, மாவும் எண்ணெயும்தான். அர்த்தம் மாறிப் போய்ப் படிக்கிறவர்கள் குழம்பியதால், 1885-இல் பைபிளைத் திருத்தியவர்கள் அதை 'மீல்', அதாவது மாவு என்று மாற்றினார்கள். பாவம் பாட்டி! அந்தக் கடை அல்வாவை அநியாயமாக இழந்தாள்.

இப்படியெல்லாம் சுற்றிவிட்டு, தாத்தா தொண்டையைக் கனைத்துக் கொண்டார்.

"இப்போது 'ஸ்பின்ஸ்டர்' பார்க்கலாம். 'ஸ்பின்' என்றால்?"

"நூற்பது."

"'ஸ்டர்' என்பது அந்தக் கால இங்கிலீஷில், ஒரு தொழிலைச் செய்கிற பெண்ணைக் குறிக்கும் விகுதி. நெய்கிறவள் 'வெப்ஸ்டர்'. ரொட்டி சுடுகிறவள் 'பாக்ஸ்டர்'. 'ஏல்' என்ற மதுவைக் காய்ச்சுகிறவள் 'ப்ரூஸ்டர்'. இவையெல்லாம் பிற்பாடு குடும்பப் பெயர்களாகி விட்டன. 1828-இல் அமெரிக்காவில் பெரிய அகராதி போட்டாரே நோவா வெப்ஸ்டர், அவர் பெயரிலேயே, எந்தத் தலைமுறையிலோ, தறியின் முன்னால் உட்கார்ந்த ஒரு பெண் இருக்கிறாள். நூல் நூற்கிறவள் 'ஸ்பின்ஸ்டர்'. அவ்வளவுதான். முதலில் அதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமே கிடையாது."

கூடத்து மூலையில் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தாத்தா மேலே சொன்னார். அந்தக் கால இங்கிலாந்தில் ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் நூற்க வேண்டியிருந்தது. நிலம் இல்லாத, புருஷன் இல்லாத பெண்ணும் ஒரு ராட்டையை வைத்துக் கொண்டு தன் சோற்றைத் தானே சம்பாதிக்க முடிந்தது. பத்திரம் எழுதும்போது ஆண்களின் பெயருக்குப் பின்னால் தச்சன், கொல்லன் என்று தொழிலை எழுதுவது போல, அந்தப் பெண்களின் பெயருக்குப் பின்னால் 'ஸ்பின்ஸ்டர்' என்று எழுதினார்கள். கல்யாணமாகாத பெண்களில் அநேகம் பேர் அந்தத் தொழிலைச் செய்ததால், 17-ஆம் நூற்றாண்டில் 'ஸ்பின்ஸ்டர்' என்றாலே சட்டத்தில் கல்யாணமாகாதவள் என்று ஆகிவிட்டது. 1769-இல் ஆர்க்ரைட் என்பவர் நூற்பு இயந்திரம் ஒன்றுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஆலைகள் வந்தன. ராட்டைகள் பரணுக்குப் போயின. தொழில் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. தொழில் இல்லாத பெயரில் பரிகாசம் வந்து குடியேறிற்று.

"அந்த ஆலை நூல்தான் கப்பலேறி வந்து நம் ஊர்ப் பெண்களின் ராட்டையையும் நிறுத்திற்று. அதை மறுபடி சுழற்றச் சொன்னார் காந்தி" என்று முடித்தார் தாத்தா. பிறகு அண்ணாவின் பக்கம் திரும்பினார். "இந்தத் தெருவில், அகராதிப்படி ஸ்பின்ஸ்டர் என்று சொல்லிக் கொள்ள யோக்கியதை உள்ளவள் உன் அத்தை ஒருத்திதான். அவள் கட்டியிருக்கிற புடைவையே சாட்சி!"

அண்ணா தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டான்.

கதையை நான் இங்கே முடித்துவிட்டால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. ஆனால் அத்தை அப்படி முடிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அர்த்தம் நன்றாகத்தான் இருக்கிறது, அப்பா. ஆனால் எழுதினவனுக்கு அது தெரியாதே!" என்றாள்.

தாத்தா அகராதியை மூடினார். உண்மைதானே? ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சொல் கௌரவமாக இருந்தது என்பதற்காக, இன்றைக்கு அது குத்தாமல் இருக்குமா? நம் தமிழில் 'நாற்றம்' என்றால் ஒரு காலத்தில் நறுமணம். அதற்காக, விருந்துக்கு வந்தவளைப் பார்த்து "உன் தலைப் பூ நாற்றம் அடிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்!

ஆனால் மறுநாள் காலையில் அத்தை குளித்து, நெற்றிக்கு இட்டுக் கொண்டு, பத்திரத்தை எடுத்துக் கொண்டு கிளம்பினாள். "கையெழுத்துப் போடப் போகிறாயா அத்தை?" என்று கேட்டேன். "தெரியாதவன் எழுதியதைத் தெரிந்தவளாகப் படித்துக் கொள்கிறேன்" என்றாள். அந்த இரண்டு அறைகள் எழும்பின. பிற்பாடு நானும் தங்கையும் அங்கே இருந்துதான் காலேஜுக்குப் போய்ப் படித்தோம்.

*

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக் கொண்டது. எந்த இங்கிலீஷ் வார்த்தையைப் பார்த்தாலும், அதன் பூர்வோத்தரம் என்ன என்று துருவுவேன். குழம்பு கொதிக்கும்போது கூட அகராதி பக்கத்தில் இருக்கும். சில நாள் குழம்பு அடிப்பிடித்ததும் உண்டு.

எத்தனை வேடிக்கைகள்! 'கேர்ள்' என்றால் பெண் குழந்தை என்றுதானே நினைக்கிறோம்? சாஸர் என்ற பழைய கவி வாழ்ந்த 14-ஆம் நூற்றாண்டில், ஆணோ பெண்ணோ, எந்தச் சின்னஞ்சிறிசும் 'கேர்ள்'தான்! 'லெட்' என்றால் அனுமதிப்பது என்று படித்தோம். அதே உச்சரிப்பில் இன்னொரு பழைய 'லெட்' உண்டு. அதற்கு 'தடை' என்று பொருள். உங்கள் வீட்டில் யாரிடமாவது பாஸ்போர்ட் இருந்தால் திறந்து பாருங்கள். இதை வைத்திருப்பவரை லெட்டும் இடையூறும் இல்லாமல் போக விட வேண்டும் என்று நமது ராஷ்டிரபதியின் பெயரால் கேட்டுக் கொண்டிருக்கும். அங்கே 'அனுமதி இல்லாமல்' என்று அர்த்தம் செய்து கொண்டால் விமானத்தில் ஏறவே பயமாக இருக்கும்!

ஆனால் துருவத் துருவ, ஒரு விஷயம் மட்டும் என் கண்ணை உறுத்திக் கொண்டே இருந்தது. பெண்களைப் பற்றிய வார்த்தைகள்தாம்.

பேத்தி சொன்ன 'ஹவுஸ்வைஃப்' இருக்கிறதே, அது பழைய காலத்தில் ஒரு வீட்டை நிர்வகிக்கும் எஜமானியின் பெயர். அதை வேகமாகச் சொல்லிச் சொல்லி 'ஹஸ்ஸி' என்று தேய்த்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் 'ஹஸ்ஸி' என்றாலும் குடும்பத் தலைவிதான். அடுத்த நூறு வருஷத்துக்குள் அது 'அடங்காப்பிடாரி, ஒழுக்கம் கெட்டவள்' என்ற வசவாகிவிட்டது! அப்புறம் கௌரவமான அம்மாள்களைக் கூப்பிட வார்த்தை வேண்டாமா? பழைய 'ஹவுஸ்வைஃப்' என்பதையே முழுசாக, நிறுத்தி உச்சரிக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊசி, நூல், பித்தான்கள் வைக்கும் சின்னத் துணிப்பைக்கும் 'ஹவுஸ்வைஃப்' என்று பெயர் வந்தது. இரண்டு உலக யுத்தங்களிலும் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்தப் பையைக் கொடுத்திருந்தார்கள். போர்க்களத்தில் பித்தான் அறுந்து போனால், சிப்பாய்க்கும் ஒரு 'ஹவுஸ்வைஃப்' இல்லாமல் நடக்கவில்லை!

'காஸிப்' என்றால் வம்பு. ஆனால் அது பிறந்தபோது 'கடவுள் முன்னிலையில் உறவானவர்' என்று பொருள். குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்யும்போது பொறுப்பேற்றுக் கொள்ளும் ஞானத்தாய், ஞானத்தந்தையருக்கு அந்தப் பெயர். பிறகு நெருங்கிய சிநேகிதர்களுக்கு ஆயிற்று. ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை வந்தால், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி வந்து, கையைப் பிடித்துக் கொண்டு, தைரியம் சொல்லி, கூட இருப்பார்கள். அவர்களுக்கும் 'காஸிப்'கள் என்று பெயர். பிரசவ அறைக்குள் ஆண்களுக்கு இடம் இல்லை. உள்ளே பெண்கள் என்ன பேசிக் கொண்டார்களோ, வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாத பேச்சு, வம்புப் பேச்சாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது! 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'காஸிப்' என்றால் ஆளே போய், வெறும் வம்பு மட்டும் மிஞ்சிற்று.

'மிஸஸ்' என்று போட்டால் கல்யாணமானவள் என்கிறோம். அது 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம். 'மாஸ்டர்' என்பதன் பெண்பால். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சொந்தமாகக் கடை நடத்தும் பெண்ணும், பெரிய மாளிகையின் நிர்வாகியும், கல்யாணம் ஆகாவிட்டாலும் 'மிஸஸ்'தான். நாலு பேரை வைத்து வேலை வாங்கும் அந்தஸ்தைக் குறித்ததே தவிர, புருஷனைக் குறிக்கவில்லை. அந்தக் கணக்குப்படி என் அத்தை 'மிஸஸ்' ஆகவே இருந்திருக்கலாம்!

இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஆண்களே இப்படித்தான் என்று நான் கொஞ்ச நாள் கோபமாக இருந்தேன். பிறகு இரண்டு வார்த்தைகள் என் கோபத்தைச் சற்றே திருத்தின. 'நைட்' என்றால் குதிரை ஏறிய வீரப் பிரபு. 'நேவ்' என்றால் அயோக்கியன். சீட்டுக்கட்டில் 'ஜாக்' என்கிறோமே, அவனுக்குப் பழைய பெயர். இந்த இரண்டு வார்த்தைக்கும் ஆதியில் ஒரே அர்த்தம்: பையன், ஏவலாள்! ஒரு பையன் அரசனுக்குப் பக்கத்தில் குதிரை ஏறினான். அவன் பெயரும் கூடவே ஏறிற்று. இன்னொரு பையன் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தான்; அவன் பெயர் தேய்ந்து போயிற்று. நம் சினிமாவில் கதாநாயகியைத் தூக்கிக் கொண்டு ஓடுகிறானே 'வில்லன்', அவன் யார் தெரியுமா? இடைக்கால ஐரோப்பாவில் பண்ணையில் உழுத ஏழைக் குடியானவன்! பண்ணையாரின் பார்வையில் அவன் முரடன் ஆனான். பிறகு கயவன் ஆனான்.

இதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கிற்று. ஒரு வார்த்தை கெட்டுப் போவதற்குக் காரணம் அந்த வார்த்தை இல்லை. அந்த வார்த்தைக்குரியவர்களை ஊர் எப்படி நடத்திற்று என்பதுதான். 'பாச்சிலர்' என்ற பெயர் இளம் போர்வீரனிடம் ஆரம்பித்து, காலேஜ் பட்டத்தில் ஏறி உட்கார்ந்து கொண்டது. கல்யாணமாகாத ஆண் அந்தப் பெயரைச் சொல்லிக் கொண்டு ஜம்மென்று உலாவுகிறான். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கிடைத்த 'ஸ்பின்ஸ்டர்' மட்டும் கேலிப் பொருள் ஆயிற்று. இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தானே?

இங்கிலீஷ் மொழியின் மிகப் பெரிய அகராதியான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில், ஒவ்வொரு சொல்லும் எந்த வருஷத்தில் எந்த அர்த்தத்தில் வழங்கிற்று என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். ஜேம்ஸ் மர்ரே என்பவர் 1879-இல் ஆசிரியர் பொறுப்பை ஏற்றுப் பல ஆயிரம் வாசகர்கள் எழுதி அனுப்பிய சீட்டுகளை வைத்து அதைத் தொகுத்தார். அவருடைய குழந்தைகள் சீட்டுகளை அடுக்கிக் கொடுத்துக் கைச் செலவுக்குக் காசு வாங்கிக் கொள்வார்களாம். முதற் பகுதி 1884-இல் வந்தது. கடைசிப் பகுதி 1928-இல்தான் வந்தது. மர்ரே அதற்கு முன்பே, 1915-இல், காலமாகிவிட்டார். அத்தனை ஜாக்கிரதையாகச் செய்த அந்த அகராதியில் ஒரு வார்த்தைக்குரிய சீட்டுகள் எப்படியோ தொலைந்து, அந்த வார்த்தையே விட்டுப் போயிற்று. அது எது தெரியுமா? 'பாண்ட்மெய்ட்'. அடிமைப் பெண், கூலியில்லாமல் வேலை செய்கிறவள் என்று பொருள். பிற்சேர்க்கை வந்த 1933-ஆம் வருஷத்தில்தான் அவளுக்கு அதில் இடம் கிடைத்தது. கைத்தவறுதான், யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*

காலம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 டிசம்பரில், விவாகப் பதிவேட்டிலிருந்து 'பாச்சிலர்', 'ஸ்பின்ஸ்டர்' இரண்டையும் எடுத்துவிட்டு, இரு பாலாருக்கும் பொதுவாகத் தனியர் என்று பொருள்படும் 'ஸிங்கிள்' என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். நம் சுப்ரீம் கோர்ட்டு 2023 ஆகஸ்டில் ஒரு கையேடு வெளியிட்டது. நீதிபதிகளும் வக்கீல்களும் பெண்களைப் பற்றி எழுதும்போது எந்தெந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல். 'ஹவுஸ்வைஃப்' என்பதற்குப் பதிலாக 'ஹோம்மேக்கர்' என்று எழுதும்படி அதில் சொல்லியிருக்கிறார்கள். அத்தை அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்திருந்தால், "பெயரை மாற்றி விட்டார்களா? சரி, பார்வையை எப்போது மாற்றப் போகிறார்களாம்?" என்று கேட்டிருப்பாள்.

அவள் கேட்பதில் நியாயம் இருக்கும். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களை 'வேலை செய்யாதவர்கள்' என்ற பிரிவில்தான் சேர்த்திருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தை, "அம்மா ஒண்ணும் பண்றதில்லை" என்று சொன்னால், சர்க்கார் கணக்கோடு அது ஒத்துத்தான் போகிறது!

அன்றிரவு பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டேன். "கண்ணு, 'லேடி' என்றால் யார் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ராணி மாதிரி இருக்கிறவங்க! நிறைய நகை போட்டுண்டு, ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திருப்பாங்க."

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த வார்த்தையை இரண்டு துண்டாகச் சொன்னார்கள். ஒரு துண்டுக்கு 'ரொட்டி' என்று அர்த்தம். இன்னொரு துண்டுக்குப் 'பிசைகிறவள்' என்று அர்த்தம். 'லேடி' என்றால் ரொட்டிக்கு மாவு பிசைகிறவள். 'லார்ட்' என்றால் ரொட்டியைக் காவல் காக்கிறவன். வேலைக்காரனுக்கு 'ரொட்டி தின்கிறவன்' என்று பெயர். பிசைகிறவள் ஒருத்தி இல்லாவிட்டால், காவல் காக்கிறவனுக்கும் வேலை இல்லை, தின்கிறவனுக்கும் வேலை இல்லை."

குழந்தை ஒரு கணம் யோசித்தாள். காலையில் பார்த்த காட்சி ஞாபகம் வந்திருக்க வேண்டும். துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினாள். "அம்மா! நீதான் உண்மையான லேடி! அப்பா சும்மா ரொட்டிக்குக் காவல்!" என்று கூவினாள். பத்திரிகை படித்துக் கொண்டிருந்த என் பிள்ளை திருதிருவென்று விழித்தான். மருமகள் சிரித்தாள். அன்று முழுவதும் அவள் சிரித்தது அப்போதுதான்.

"நம் தமிழிலும் ஒன்று உண்டு" என்றேன் பிள்ளையிடம். "'இல்லாள்' என்றால் வீட்டுக்கு உரியவள். அதையே ஆண்பாலாக்கி 'இல்லான்' என்று சொல்லிப் பார். ஒன்றுமே இல்லாத தரித்திரன் என்று ஆகிவிடும். நம் முன்னோர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது!"

மருமகள் கையைத் துடைத்துக் கொண்டு வந்தாள். பேத்தியிடமிருந்து பேனாவை வாங்கி, 'தாயார் தொழில்' என்ற கட்டத்தில் 'ஹோம்மேக்கர்' என்று தானே அழகாக எழுதினாள். 'லேடி' என்று எழுதச் சொல்லிப் பேத்தி வெகுநேரம் வாதாடினாள். பள்ளிக்கூடத்தார் பயந்து போவார்கள் என்று சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்கு அடுத்தபடியாக இன்னொரு கட்டம் இருந்தது: 'தாயார் ஆண்டு வருமானம்'. மருமகளின் கை மறுபடியும் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அறுபது வருஷத்துக்கு மேலாக அகராதி புரட்டுகிறேன். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எந்த அகராதியிலும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அம்மா!